நிழல் முற்றத்திற்கு ஒரு மே மாத மலர்: பள்ளத்தாக்கு லில்லியை வளர்த்தலும் அதனிடம் காக்க வேண்டிய அவதானமும்

இலண்டனின் தொடர்வீடுகளில் குடியிருப்போர் பலர் அறிந்த குறை ஒன்று உண்டு. வீட்டின் வடக்குப் புறத்தில், சுவருக்கும் அயல்வீட்டு மதிலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்துண்டில் வெயில் படுவதே இல்லை. அங்கே தக்காளி காய்க்காது, மிளகாய் பூக்காது, சாடியில் வைத்த கறிவேப்பிலை இலையுதிர்த்து நிற்கும். மண்ணோ களிமண். மாரியில் சேறாகும், கோடையில் வெடிக்கும். இத்தகைய இடத்தைச் சீமெந்தால் மூடிவிடுவோரே அதிகம். அவ்வாறு மூடுவதற்கு முன்னர், அவ்விடத்திற்கென்றே அமைந்தாற்போன்ற ஒரு செடியைப் பற்றி அறிந்துகொள்வது நன்று. அதை நடுவதா இல்லையா என்பதை அதன் பின்னர்த் தீர்மானிக்கலாம்.

அச்செடிக்கு ஆங்கிலத்தில் ‘லில்லி ஒஃப் த வலி’ என்று பெயர். கடையில் இப்பெயரைச் சொல்லியே கேட்கவேண்டும். தமிழெழுத்தில் எழுதப் புகுந்தால் கடைசிச் சொல் ‘வலி’ ஆகின்றது. ஒலியைச் சற்று நீட்டினால் ‘வேலி’ ஆகின்றது. முன்னது அதன் நஞ்சையும், பின்னது அது மதியாத எல்லையையும் நினைவூட்டுவதால், இரண்டையும் பிழையென்று தள்ள மொழிபெயர்ப்பாளருக்கு மனம் வருவதில்லை. ஆயினும் பொருளை நோக்கிப் பள்ளத்தாக்கு லில்லி என்றே இங்கு வழங்குவோம். ‘கொன்வலாரியா மஜாலிஸ்’ என்பது தாவரவியற் பெயர். இலத்தீன் மொழியில் முற்சொல் பள்ளத்தாக்கையும் பிற்சொல் மே மாதத்தையும் குறிக்கும். லில்லி என்று அழைக்கப்பட்டாலும் இது லில்லிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. எம்மூர்ச் சாத்தாவாரியும் மருளும் எக்குடும்பமோ அக்குடும்பமே இதனுடையது.

செடி ஒரு சாண் உயரமே வளரும். சித்திரை மாதமளவில் நிலத்திலிருந்து ஈட்டிமுனை போன்ற குருத்துகள் வெளிவரும். ஒவ்வொரு குருத்தும் விரிந்து, ஒன்றையொன்று தழுவிய இரண்டு அகன்ற இலைகளாகும், சிலவேளை மூன்றாகும். அவற்றின் அருகே வளைந்த காம்பொன்றில், ஒரே பக்கமாகத் தலைகவிழ்ந்த வெண்ணிற மணிகள் தொங்கும். ஏப்ரல் இறுதி முதல் மே இறுதி வரை பூக்காலம். கோடை முடியும்போது சில காம்புகளில் செந்நிறக் கனிகள் தோன்றும். பின்னர் இலைகள் மஞ்சளித்து மடிந்துபோகும். செடி இறந்துவிட்டதென்று அப்போது பிடுங்கி எறிய வேண்டாம். நிலத்தடியில் வேர்த்தண்டு உயிரோடிருக்கும். இந்நாட்டின் உறைபனி எதுவும் அதைக் கொல்லாது.

மணத்தைப் பற்றி ஒரு சொல். மல்லிகைக்குப் பழகிய மூக்கிற்கும் இது வியப்பூட்டுவது. மல்லிகையின் மணம் இரவில் வீட்டை நிறைக்கும். இதன் மணம் ஈரக் காலையில், குனிந்தவனுக்கே கிட்டும். மல்லிகையிலிருந்து வாசனைச் சாறு எடுப்பதுபோல இப்பூவிலிருந்து வணிக முறையில் எடுக்க இயல்வதில்லை. ஆதலால் கடைகளில் இதன் பெயரால் விற்கப்படும் நறுமணங்கள் யாவும் வேறு பொருள்களைச் சேர்த்து ஆக்கப்பட்டவையே. 1956இல் வெளிவந்த ‘டியோரிசிமோ’ என்னும் புகழ்பெற்ற வாசனையும் அவ்வாறு அமைக்கப்பட்டதே.

இந்நாட்டு மக்களின் வழக்கங்களில் இம்மலருக்கு இடமுண்டு. கோர்ன்வாலின் ஹெல்ஸ்டன் நகரில் வழக்கமாக மே 8ஆம் நாள் நடக்கும் வீதி நடனத்தில் ஆடுவோர் இதனைச் சூடிக்கொள்வர். இரண்டாம் எலிசபெத் அரசியார் 1953இல் முடிசூடியபோது கையிலேந்திய மலர்க்கொத்திலும் இது இருந்தது. அயலவர் மே மாதத்தில் ஒரு சிறு கொத்தை அன்பளிப்பாகக் கொண்டுவந்து தந்தால், அதன் பின்னே நெடுங்கால வழக்கொன்று இருக்கின்றது என்று கொள்ளலாம்.

இடமும் மண்ணும்

பகுதி நிழல் இதற்கு மிக உகந்தது. காலையில் ஓரிரு மணி நேரம் இளவெயில் பட்டு, பிறகு நிழல் விழும் இடமானால் நன்றாகப் பூக்கும். முற்றிலும் இருண்ட இடத்திலும் உயிர்வாழும். ஆனால் இலை மிகுந்து பூக் குறையும். நண்பகல் வெயில் நேரே விழும் தெற்குச் சுவரடி இதற்கு ஆகாது. ஆடி மாதத்திலேயே இலை விளிம்புகள் கருகிவிடும்.

களிமண்ணை இச்செடி பொறுத்துக்கொள்ளும், வறட்சியைப் பொறுக்காது. ஆகவே மண்ணைத் திருத்தும் உழைப்பு முழுவதையும் ஈரத்தைத் தக்கவைப்பதிலேயே செலவிட வேண்டும். நடுவதற்கு முன்னர் ஒரு சாண் ஆழத்திற்கு மண்ணைக் கொத்திப் புரட்டி, மக்கிய இலைகளையோ நன்கு மக்கிய கூட்டெருவையோ தாராளமாகக் கலக்க வேண்டும். மக்கிய இலைக்குப் பணம் கொடுக்கவேண்டியதில்லை. இலையுதிர்காலத்தில் உங்கள் முற்றத்தில் விழும் இலைகளைக் குப்பைப் பையில் இட்டு, சிறிது நீர் தெளித்து, பையில் சில துளைகள் குத்தி ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். ஓராண்டிலிருந்து ஈராண்டுக்குள் கறுத்துப் பொலபொலவென்று ஆகிவிடும். இரசாயன உரம் தேவையில்லை.

நடும் முறை

இரண்டு வகையாக வாங்கலாம். மே மாதத்தில் சாடியில் பூத்த நிலையில் கிடைப்பது ஒன்று. நவம்பர் முதல் மார்ச் வரை வெறும் வேர்த்தண்டாக, நுனியில் மொட்டுப்போன்ற முளையோடு கிடைப்பது மற்றது. வெறும் வேரே மலிவு. ஆயினும் முதன்முறையாக நடுவோர் சாடிச் செடியை வாங்குதல் நலம். ஏனெனில் காய்ந்துபோன வேரைக் கண்டறிய அனுபவம் வேண்டும்.

வேரை வாங்கியவுடன் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைக்கவும். பின்னர்ப் பள்ளம் தோண்டி, வேர்கள் விரிந்து கீழ்நோக்கியிருக்க, முளையின் நுனி மண்மட்டத்திற்குச் சற்றே கீழே அமையுமாறு வைத்து மூடவும். செடிக்குச் செடி 10 முதல் 15 சென்ரிமீற்றர் இடைவெளி போதும். நீரூற்றி, மேலே இரண்டு விரற்கடை கனத்திற்கு மக்கிய இலையைப் பரப்பவும்.

முதலாண்டில் பூக்காவிடில் மனம் தளர வேண்டாம். புதிய இடத்தில் வேரூன்ற ஓரிரு ஆண்டு எடுப்பது இதன் இயல்பு. அதன்பின் வேலை மிகக் குறைவு. மழையில்லாத வசந்த காலத்தில் வாரமொரு முறை ஆழ நீரூற்றுவதும், ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் மக்கிய இலையைப் போர்த்துவதுமே பராமரிப்பு. பூ முடிந்தபின் இலைகளை வெட்டக்கூடாது. அடுத்த ஆண்டின் பூவுக்கான உணவை அவ்விலைகளே வேரில் சேமிக்கின்றன. செடிகள் நெருங்கிப் பூக் குறையத் தொடங்கினால், இலைகள் மடிந்தபின் கிளறி எடுத்துப் பிரித்து நடலாம்.

பெரிய மணிகள் வேண்டுவோர் ‘ஃபோர்ட்டின்ஸ் ஜயண்ட்’ என்னும் வகையைக் கேட்கலாம். மங்கிய இளஞ்சிவப்பு நிறத்தில் பூப்பதும் ஒன்றுண்டு. என் கண்ணுக்கு வெள்ளையே அழகு.

நஞ்சு: எமது வீடுகளுக்குச் சிறப்பாகச் சொல்லவேண்டியவை

இச்செடியின் இலை, பூ, காம்பு, கனி, விதை, வேர் யாவும் நஞ்சு. இதில் விதிவிலக்கான உறுப்பு ஏதுமில்லை. அதன் நஞ்சு இதயத்தைத் தாக்கும் இனத்தைச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ வளர்ந்த எவருக்கும் வேறு விளக்கம் வேண்டியதில்லை: அலரியின் நஞ்சு எவ்வினமோ இதுவும் அவ்வினமே. உட்கொண்டால் குமட்டலும் வாந்தியும் வயிற்றுவலியும் தோன்றலாம், நாடி மெலிந்து ஒழுங்கு குலையலாம், மயக்கம் வரலாம்.

நாற்றுக்கடைகளில் செடியோடு வரும் பெயர்ச்சீட்டில், உண்டால் தீங்கு விளையும் என்னும் பொருள்பட ஒரு வரி பொடியெழுத்தில் இருக்கும். ஆங்கிலத்தில் அது மென்மையான சொல். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வயிற்றைச் சற்றுக் கலக்கும் என்ற அளவிலேயே நம்மவர் விளங்கிக்கொள்வர். மேலும், அச்சீட்டை வாசிப்பவர் செடியை வாங்கிய மகனோ மருமகளோதான். பகற்பொழுதில் பேரப்பிள்ளையோடு முற்றத்தில் இருப்பவர் அம்மம்மா. அவருக்கு எவரும் வாசித்துக் காட்டுவதில்லை.

அம்மம்மாவின் பழக்கமோ நாம் பெருமையோடு பேணுவது. வல்லாரையும் பொன்னாங்காணியும் முற்றத்தில் கிள்ளிச் சம்பலும் வறையும் ஆக்கியவர்; மணத்தக்காளிப் பழத்தைப் பறித்துப் பிள்ளையின் கையில் கொடுத்தவர். முற்றத்தில் வளரும் பசிய இளங்குருத்தும் சிவந்த சிறுகனியும் உணவாயிருக்கலாம் என்பதே அவர் கண்ட உலகம். பள்ளத்தாக்கு லில்லியின் கனி, செக்கச்செவேலென்று, ஒரு பிள்ளையின் விரல்கள் தாமாக நாடும் அளவிலும் நிறத்திலும் இருக்கும். ஆகவே, ஐந்து வயதிற்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் இச்செடியை நட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ஏற்கெனவே இருந்தால், பூ வாடியவுடன் பூக்காம்பை மட்டும் அடியோடு நறுக்கிவிடவும். காம்பில்லையேல் கனியில்லை. ஆனால் இலையின் ஆபத்து அப்படியே இருக்கும் என்பதை மறக்கலாகாது.

இரண்டாவது, காட்டு உள்ளி. மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஈரமான மரநிழலில் உள்ளி மணத்தோடு செழித்து வளரும் இக்கீரையைப் பறித்துச் சமைக்கும் வழக்கம் இந்நாட்டில் பரவி வருகின்றது. நம்மவரும் அதன் சுவையை அறிந்துள்ளனர். அதன் இலையும் பள்ளத்தாக்கு லில்லியின் இலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு இது: காட்டு உள்ளியின் ஒவ்வோர் இலையும் தனக்கெனத் தனிக்காம்போடு நிலத்திலிருந்து எழும். லில்லியிலோ இரண்டு இலைகள் ஒரே தண்டிலிருந்து, ஒன்றை மற்றொன்று சுற்றியபடி எழும். உள்ளியின் பூ வெண்ணிற நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்டது. லில்லியின் பூ மணி. மணத்தை வைத்து அறியலாமே என்பர். முதல் இலைக்கு அது சரி. பத்து இலை பறித்தபின் விரலெல்லாம் உள்ளி மணக்கும். பதினோராவது இலை எதுவாயிருந்தாலும் உள்ளியாகவே மணக்கும். கைநிறைய அள்ளிப் பறிக்காமல், இலைக்கு இலை பார்த்துப் பறிக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே வளரும் முற்றத்தில் கீரை பறிக்கவே கூடாது.

மூன்றாவது, தீர்த்தச் செம்பு. இப்பூ வெண்மையானது, நறுமணமுடையது, வீட்டில் மலர்ந்தது. சுவாமிக்குச் சாத்த எண்ணுவது இயல்பு. படத்திற்குச் சூட்டுவதில் தடையில்லை. ஆனால் தீர்த்தத்திலோ, பஞ்சாமிர்தம், பொங்கல் முதலிய பிரசாதத்தின் மேலோ இதை இடலாகாது. பூவின் நஞ்சு அது நிற்கும் நீரிலும் இறங்கும். பூச்சாடியில் வைத்தாலும் அந்நீரைப் பிள்ளைகளுக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் வைத்து, பின்னர்க் கழிவுத் தொட்டியில் கொட்டவும். நாய், பூனை ஆகியவற்றுக்கும் இச்செடி நஞ்சே.

வேரைப் பிரிக்கும்போதும் காம்பை நறுக்கும்போதும் கையுறை அணிந்து, பின் சவர்க்காரமிட்டுக் கைகழுவவும்.

எவரேனும் உட்கொண்டதாக ஐயம் எழுந்தால், வாயில் எஞ்சியதைத் துப்பச் செய்யுங்கள். வாந்தியெடுக்க வைக்காதீர்கள், உப்புநீர் கொடுக்காதீர்கள். மயக்கம், மூச்சுத் திணறல், நாடி குலைதல் ஆகியவற்றுள் ஏதேனும் காணப்பட்டால் 999 இலக்கத்தை அழைக்கவும். அறிகுறி எதுவும் இல்லையெனினும் காத்திராமல் உடனே 111 இலக்கத்தை அழைக்கவும். ஆங்கிலம் வராதென்று தயங்க வேண்டாம். இணைப்பு கிடைத்ததும் ‘டமில்’ என்ற ஒரு சொல்லைச் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பர்; இதற்குக் கட்டணம் இல்லை. வைத்தியசாலைக்குச் செல்லும்போது இலையொன்றையோ கனியொன்றையோ பையில் இட்டு எடுத்துச் செல்லவும். எதை உண்டார் என்று வைத்தியர் ஊகிக்க வேண்டியிராது.

பரவலும் எல்லையும் சட்டமும்

ஊன்றிவிட்ட பள்ளத்தாக்கு லில்லி ஆண்டுதோறும் பக்கவாட்டில் நகரும். வேர்த்தண்டு மேல்மண்ணிலேயே ஓடும். மரப்பலகை வேலி அதற்குத் தடையாகாது. பத்தாண்டில் அயலவரின் புல்வெளியில் தலைகாட்டும். இச்செடியை வளர்ப்பதைத் தடைசெய்யும் சட்டம் எதுவும் இங்கிலாந்தில் இல்லை. எனினும், உங்கள் நிலத்திலிருந்து புறப்பட்டு அடுத்த நிலத்தில் தொல்லை விளைவிப்பது எதுவாயினும் அதைப் பற்றி அயலவர் முறையிட இடமுண்டு. நாய் வளர்க்கும் அயலவர்க்கு இது வெறும் களையன்று, நஞ்சு என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஒரு கதவைத் தட்டி முன்கூட்டியே சொல்லிவிடுவது, பின்னர்ப் பரிமாறும் பத்துக் கடிதங்களை மிச்சப்படுத்தும்.

தடுக்கும் வழி எளிது. நடும்போதே பாத்தியைச் சுற்றி ஓரடி ஆழத்திற்குக் கெட்டியான பிளாஸ்டிக் தகட்டையோ கற்பலகையையோ புதைக்கலாம். அல்லது அடி நீக்கிய பெரிய சாடியை மண்ணில் இறக்கி அதற்குள் நடலாம். சீமெந்துப் பாதைக்கும் வீட்டுச் சுவருக்கும் இடைப்பட்ட துண்டாயின் இயற்கையாகவே எல்லை அமைந்துவிடும். அதுவே மிகச் சிறந்த இடம். மாடிக் குடியிருப்பில் இருப்போர் சாடியில் வளர்க்கலாம். ஆழமான சாடியும் தவறாத ஈரமும் வேண்டும்.

வாடகை வீட்டிலோ நகரசபை வீட்டிலோ வசிப்போர், நிலத்தில் நடுவதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தின் தோட்டம் பற்றிய பகுதியை வாசித்துக்கொள்ளவும். பலர் கூடிப் பயன்படுத்தும் பொதுமுற்றமாயின் எழுத்துமூல அனுமதி பெறாமல் நட வேண்டாம். அங்கே விளையாடும் பிள்ளைகள் எவருடையவர் என்று உங்களுக்குத் தெரியாது.

இச்செடி இங்கிலாந்தின் சில பழங்காடுகளில், சிறப்பாகச் சுண்ணக்கல் நிலத்து மரக்காடுகளில், தானாகவே வளர்கின்றது. அங்கிருந்து வேரோடு பிடுங்கி வரலாமா என்று கேட்போருண்டு. கூடாது. நில உரிமையாளரின் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது, 1981ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் கிராமப்புறச் சட்டத்தின்படி குற்றமாகும். காட்டில் தானாக வளர்ந்த பூவைச் சொந்தத் தேவைக்காகப் பறிப்பதை 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டம் திருட்டாகக் கொள்வதில்லை. விற்பனைக்காகப் பறித்தால் திருட்டே. பூங்காக்களுக்கும் இயற்கை ஒதுக்கிடங்களுக்கும் தனி உபவிதிகள் இருக்கலாம். அங்கே பூவையும் தொடாதிருப்பதே நலம்.

பிரித்தெடுத்து மிஞ்சிய வேர்களை வீட்டுக் கூட்டெருக் குவியலில் போட்டால் அங்கேயே முளைக்கும். அவற்றைத் தோட்டக் கழிவுத் தொட்டியில் இடவும். வீதியோரத்திலோ அருகிலுள்ள மரக்காட்டிலோ கொட்டுவது 1990ஆம் ஆண்டின் சுற்றாடற் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். கொட்டியது இலையும் வேருமே என்பது அதற்கு விடையாகாது. நண்பர்க்கோ கோயில் தோட்டத்திற்கோ கொடுப்பதாயின், சாடியோடு ஒரு பெயர்ச்சீட்டையும் செருகிக் கொடுக்கவும். அதில் ‘பள்ளத்தாக்கு லில்லி – எல்லாப் பகுதியும் நஞ்சு – உண்ணவோ தீர்த்தத்தில் இடவோ கூடாது’ என்று தமிழில், மூக்குக்கண்ணாடி இல்லாமலும் வாசிக்கத்தக்க பெரிய எழுத்தில் எழுதவும். பென்சிலால் எழுதினால் மழையில் அழியாது.